வங்கிக்குப் போன குவில்ட்

துண்டுத்துணிகளைச் சேர்த்துக் குவில்ட் என்கிற போர்வை தைக்கிறவர்களுக்குத் துணி வாங்குகிற ஆசை ஒருநாளும் வற்றாது, தைக்கிற ஆசைதான் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். அடுத்தவர்கள் தைத்ததைப் போனில் பார்த்துக்கொண்டே இருந்தால் தானாக மூட் வந்துவிடும் என்கிறார்கள். எனக்கு வந்ததெல்லாம் பொறாமைதான். மூடை வரவைத்தவர் என் மாமியார், அதுவும் அன்பாகப் பேசி அல்ல.

அத்தை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவர். காலர் மட்டும். கை, பாக்கெட், பட்டன் எல்லாம் வேறு ஆட்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் பெண்கள் ஏராளமாக இந்த ஊர்த் தையல் மெஷின்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தொண்ணூறுகளில் வெளிநாட்டு மலிவுத் துணி வந்து குவிந்ததும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. வேலை போனாலும் அந்தக் கண் போகவில்லை. குவில்டில் இரண்டு துண்டைச் சேர்க்கும்போது ஓரத்தில் கால் அங்குலம் விட வேண்டும் என்பது உலக வழக்கம். நான் விட்டது கால் அங்குலம் இல்லை என்பதை அத்தை சோபாவிலிருந்தே, கண்ணாடி போடாமலே சொல்வார்.

அவரோடு துணிக்கடைக்குப் போவது தனி அனுபவம். ஷ்வேஷ்வே வாங்கப் போயிருந்தோம். நீலம், காவி, சிவப்பு என்று பொடிப்பொடியாக வடிவம் விழுந்த பருத்தித் துணி. ஆப்பிரிக்கக் கல்யாணங்களில் பார்த்திருப்பீர்கள். முதலில் முழுத்துணியையும் சாயத்தில் முக்கி, அப்புறம் செப்பு உருளையில் வடிவம் செதுக்கி, அதன் வழியாக அமிலத்தைக் கொடுத்து, பட்ட இடத்தில் சாயத்தை வெளுக்கவைத்து எடுப்பார்கள். மான்செஸ்டரிலிருந்து வந்துகொண்டிருந்ததை 1982ல் இந்த நாட்டிலேயே ஸ்வெலிட்ஷா என்ற ஊரில் டா காமா ஆலை தயாரிக்க ஆரம்பித்தது, 1992ல் 'மூன்று பூனை' முத்திரையின் உரிமையையும் அந்தச் செப்பு உருளைகளையும் சேர்த்தே வாங்கிக் கப்பலில் கொண்டுவந்துவிட்டது. இதையெல்லாம் நான் அத்தைக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் துணியின் முனையை எடுத்து நாக்கில் வைத்தார்.

எனக்கு உயிர் போய்விட்டது. கடைக்காரர் அசரவே இல்லை. அசல் ஷ்வேஷ்வே கஞ்சி போட்டு அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும், நாக்கில் உப்புக் கரிக்கும்; விவரம் தெரிந்தவர்கள் இப்படித்தான் பார்ப்பார்களாம். "அசல்தான்" என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். 1840களில் பிரெஞ்சுப் பாதிரிமார் லெசோத்தோவின் மொஷ்வேஷ்வே ராஜாவுக்கு இந்தத் துணியைக் கொடுத்ததாகச் சொல்வார்கள் என்றேன். "ராஜாவுக்குச் சும்மா குடுத்தாங்க இல்ல? அப்ப நமக்கு மட்டும் ஏன் இந்த விலை?" என்று கடைக்காரரைப் பார்த்தார்.

வாங்கி வந்த துணி அலமாரிக்குள் போனது. வடிவம் யோசித்தேன், யோசித்துக்கொண்டே இருந்தேன். 2023 வந்தது. தென்னாப்பிரிக்காவில் இருந்தவர்களுக்கு அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, லோட் ஷெடிங் அட்டவணையைப் பார்த்துத்தான் சோறே வடித்தோம். கரண்ட் இல்லை, மெஷின் ஓடாது, ஆகவே தைக்க முடியாது என்று நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தபோது அத்தை கேட்டார்: "கைக்கு என்ன, அதுக்கும் பிளக் இருக்கா?"

அப்படி ஆரம்பித்ததுதான் அறுகோணத் தையல். காகிதத்தை அறுகோணமாக வெட்டி, அதன்மேல் துணியை மடித்து நூலோட்டி, விளிம்போடு விளிம்பு வைத்துப் பொடித் தையலாகக் கையால் சேர்ப்பது. நடுவில் ஒன்று, சுற்றி 6, அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18 என்று பூவாக விரியும். ஆறு பக்கமும் பக்கத்துத் துண்டுகளோடு சேர்ந்தபிறகுதான் உள்ளே இருக்கும் காகிதத்தை உருவ வேண்டும். துணியை முதலில் துவைத்துவிடலாம், சுருங்கும், சாயம் போகும் என்றேன். விறைப்பாக இருந்தால்தான் மடிப்பு நிற்கும் என்றார் அத்தை. நான்தான் துவைத்தேன், இன்றுவரை அதற்குத் திட்டு வாங்குகிறேன், இன்றுவரை நான் செய்ததுதான் சரி.

காகிதம் வெட்டுவது அத்தை பொறுப்பு. கல்யாணப் பத்திரிகைதான் இதற்கு முதல்தரம், நல்ல கெட்டி. வீட்டில் இருந்த பத்திரிகைகளெல்லாம் தீர்ந்தபிறகு டிராயருக்குள் கைவிட்டிருக்கிறார். அதில் இருந்தது தண்ணீர், லைட் பில்.

இது தெரியவந்தது எப்படியென்றால், வங்கியிலிருந்து வீட்டுக்காரருக்கு மெசேஜ் வந்தது. பணமோசடியைத் தடுக்கிற ஃபைகா சட்டப்படி முகவரிச் சான்று வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, தராவிட்டால் கணக்கை நிறுத்திவைப்போம். மனிதர் வீட்டையே தலைகீழாக்கினார். அத்தை டீ குடித்துக்கொண்டே, "அதுவா, அந்த நீலப்பூவுக்குள்ள இருக்கு" என்றார்.

பிரித்தால் என் உழைப்பு போய்விடும், விடமாட்டேன் என்றேன். வீட்டுக்காரர் பேசாமல் பாதி தைத்த குவில்டைச் சுருட்டித் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டு வங்கிக்குக் கிளம்பினார். பின்னாலேயே நான். எதற்கும் இருக்கட்டும் என்று அத்தையும்.

கவுண்டரில் இருந்த பெண் குவில்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். தெருப் பெயர் ஒரு பூவில். வீட்டு எண் பக்கத்துப் பூவில், தலைகீழாக. தேதி என்று நினைத்து ஆசையாக எட்டிப் பார்த்த இடத்தில் யாரோ ஒருவருடைய முகூர்த்த நேரம் இருந்தது. இன்னொரு ஊழியரைக் கூப்பிட்டார், அவர் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார். எல்லோரும் ரசித்தார்கள், சான்றாக மட்டும் ஏற்கவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம், ஆனால் விஷயம் தெரிந்தால் வாய் நிற்காதே. 18ம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே பழைய கடிதம், ரசீது எல்லாவற்றையும் இப்படித்தான் வெட்டி உள்ளே வைத்துத் தைத்தார்கள், முடிக்காமல் விட்ட குவில்டுகளில் அந்தக் காகிதங்கள் அப்படியே இருப்பதால் அதை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் காலத்தையே கணிக்கிறார்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அதற்குள் வரிசையில் நின்ற ஒரு ஜூலு கோகோ, அதாவது பாட்டி, வந்து துணியைத் தடவிப் பார்த்தார். அப்புறம் முனையை எடுத்து நாக்கில் வைத்தார்! உப்பு இல்லை. யார் துவைத்தது என்று கேட்டார். அத்தை என்னைக் கைகாட்டினார். பாட்டிகள் இருவரும் ஜூலுவில் என்னைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள், இடையிடையே சிரித்தார்கள். பேச்சு முடியும்போது, குவில்ட் கிறிஸ்துமஸுக்குள் முடிந்துவிடும், வந்து பாருங்கள் என்று அத்தை என் சார்பில் வாக்குக் கொடுத்து, போன் நம்பரும் கொடுத்துவிட்டார்.

ஜொஹன்னஸ்பர்க்கில் இருக்கும் எங்கள் மகள் நகராட்சி இணையதளத்தில் பில்லை எடுத்து வாட்ஸாப்பில் அனுப்ப, முகவரிப் பிரச்சனை அன்று சாயந்திரமே தீர்ந்தது. கோகோ பிரச்சனைதான் நின்றது. முதல் முறை அவர் போன் செய்து எத்தனை பூ ஆயிற்று என்று கேட்டபோது ஊசியை எடுத்தவள் அப்புறம் கீழே வைக்கவே இல்லை. வடிவத்தை யோசிக்க நேரமில்லை, கைக்கு வந்த துண்டை அதன் பக்கத்தில் பொருந்துகிற துண்டோடு சேர்த்தேன். மாதக்கணக்கில் யோசித்து வராத நிறப் பொருத்தமெல்லாம் அவசரத்தில் வந்தது. வீட்டுக்காரர் ஊசியில் நூல் கோர்த்துத் தருகிறார், காகிதம் உருவுகிறார், உருவியதைப் படித்துப் பார்த்துத்தான் குப்பையில் போடுகிறார்.

இந்த மாத பில் வந்ததும் மேலே சிவப்புப் பேனாவால் பெரிதாக "வெட்டாதே" என்று எழுதி டிராயரில் வைத்தார். அத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மகனைக் கூப்பிட்டார். "சிவப்பு மை துணியில ஊறும்டா. பென்சில்ல எழுது."