அளவுநாடா முதலில், கடை அப்புறம்: மலைநாட்டு வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வயர்

கடைக்குப் போகும் முன் ஒரு நூல்பந்தை எடுங்கள். ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் கொடுக்கும் எம்ப் (எம்ப்ளிஃபையர்) வைக்கப்போகும் இடத்தில் ஒரு முனையைப் பிடித்து, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் வயர் எந்த வழியாகப் போகுமோ அதே வழியில் நூலைக் கொண்டுபோங்கள். சுவரோரம், மூலை, கதவு நிலை எல்லாம் சுற்றித்தான். கண்ணுக்கு 4 மீட்டராகத் தெரிவது நூலில் 12 மீட்டர் ஆகிவிடும்.

12 அடிக்கு 14 அடி ஹால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிவி 12 அடிச் சுவரில், எம்ப் அதற்குக் கீழே. நடு ஸ்பீக்கருக்கு ஒன்றரை மீட்டர். முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் தலா 3 மீட்டர். பின் இடதுக்குப் பாதிச் சுவர் 1.8, பக்கச் சுவர் 4.3, ஸ்டாண்டில் ஏற 1, கையிருப்பாக அரை மீட்டர். 8 மீட்டர் என்று வையுங்கள். பின் வலது பக்கம் கதவு இருந்தால் நிலையில் ஏறி இறங்க இன்னும் 4 மீட்டர் வேண்டும், ஆக 12. எல்லாம் கூட்டினால் 27.5 மீட்டர், அதாவது 100 அடி ரோல் ஒன்று. இடதுக்கும் வலதுக்கும் ஒரே நீளம் வேண்டும் என்று நினைத்து மிச்ச 4 மீட்டரைச் சுருட்டி ஸ்பீக்கருக்குப் பின்னால் வைப்பவர்கள் நிறையப் பேர். தேவையே இல்லை. அந்த 4 மீட்டரில் வரும் தாமதத்தை எந்தக் காதும் பிடிக்காது.

தேயிலைத் தோட்டத்து லயக் காம்பிராவின் 10க்கு 12 அடியில் பின் ஸ்பீக்கருக்கு இடம் தேடுவதை விட, முன்னால் மூன்றும் ஒரு சப்வூஃபருமாக நிறுத்திக்கொள்வது நல்லது. வயர் 8 மீட்டருக்குள் முடிந்துவிடும். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது எந்த வயராலும் ஒன்றும் ஆகப்போவதில்லை, அது வேறு கதை.

இனி தடிப்பு. ஸ்பீக்கர் வயரில் பணம் போக வேண்டியது இதற்குத்தான். வயர் போய்த் திரும்பி வரும் மொத்த ரெசிஸ்டன்ஸ் (மின்தடை), ஸ்பீக்கரில் ஓம் என்று எழுதியிருக்கும் இம்பீடன்ஸில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம், 6 ஓமுக்கு 0.3, 4 ஓமுக்கு 0.2. கணக்கு லேசானது: மீட்டரில் நீளத்தை இரண்டால் பெருக்கி, 0.0172ஆல் பெருக்கி, வயரின் குறுக்குவெட்டுப் பரப்பான சதுர மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். அந்த 12 மீட்டர் வழிக்கு 0.75 சதுர மி.மீ. வயர் போட்டால் 0.55 ஓம் வரும், 8 ஓம் ஸ்பீக்கருக்கே போதாது. 1.5 போட்டால் 0.275, 8க்கும் 6க்கும் சரி. 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 2.5க்குப் போக வேண்டும், அப்போது 0.165. அதற்கு மேல் தடிப்பாகப் போட்டால் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் கேட்காது, சில டெர்மினலுக்குள் நுழையவும் மாட்டாது.

சில வயரின் உறையில் சதுர மில்லிமீட்டர் இருக்காது, 24/0.20, 30/0.25, 50/0.25 என்று அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் இழைகள், இரண்டாவது ஓர் இழையின் விட்டம். விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 0.785ஆலும் இழைகளின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் தடிப்பு வந்துவிடும். முதலாவது 0.75, அடுத்தது 1.5, கடைசி 2.5. ஏடபிள்யூஜி (அமெரிக்க வயர் அளவு) எண் போட்டிருந்தால் 16 என்பது 1.3, 14 என்பது 2.1, 12 என்பது 3.3. எண் கூடினால் வயர் மெலியும் என்பதை மறந்து 18ஐத் தடிப்பு என்று வாங்குவோர் உண்டு. வீட்டுக்கு வயரிங் செய்து மிஞ்சிய 7/0.67ஐயும் போடலாம், செம்பு செம்புதான். ஆனால் இழை தடித்தது, வளைக்க முரண்டு பிடிக்கும். வயரை மூடும் பிளாஸ்டிக் கேசிங்குக்குள் ஒரு தடவை போட்டு அசைக்காமல் விடுவதானால் பரவாயில்லை.

ஏமாற்று நடக்கும் இடம் ஒன்று உண்டு: அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு போட்ட வயர். தடிப்பு பார்க்க 2.5 மாதிரி இருக்கும், ரோலைத் தூக்கினால் பஞ்சு. ரெசிஸ்டன்ஸ் செம்பை விட ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் மேல். மேலே சொன்ன 12 மீட்டரில் 1.5 செம்புக்கு 0.275 வந்தது, இதில் 0.44 ஆகி 8 ஓம் எல்லையையும் தாண்டிவிடும். கடையிலேயே பார்க்கலாம். ஓர் இழையைப் பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக வந்தால் அலுமினியம். வெளியே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய செம்பு. அது நல்ல சரக்கு, ஈரச் சுவருக்கு அதைத்தான் தேட வேண்டும். லைட்டர் தீயில் பிடித்தால் மெல்லிய அலுமினிய இழை உருகி உதிரும், செம்பு சிவந்து நிற்கும்.

கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனாலும் சரி, ஹட்டன் டவுனில் வாங்கினாலும் சரி, “ஒக்ஸிஜன் இல்லாத செம்பு” என்று பெட்டியில் இருப்பதற்குக் காசு கூட்டிக் கொடுக்க வேண்டாம். செம்புதானா, எத்தனை சதுர மி.மீ. என்ற இரண்டு கேள்வி போதும்.

முனை போடும்போது 10 மி.மீ. மட்டும் உறையை உரியுங்கள். இழைகளை இறுக்க முறுக்கி விட்டு, ஒன்றுகூட வெளியே நீட்டாமல் பாருங்கள். ஓர் இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டால் எம்ப் புரொடெக்ட் காட்டி நின்றுவிடும், பாதுகாப்புச் சுற்று இல்லாத மலிவு எம்ப் என்றால் அவுட்புட் ஐசி போய்விடும். வயர் முனையில் மாட்டிக் குத்தும் பனானா பிளக் போட்டால் இந்தப் பயம் இல்லை. கோடு போட்ட வயர் எப்போதும் சிவப்புக்கு என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறிப் போயிருந்தால் பேஸ் மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் மிதக்கும். சந்தேகமானால் வயரை எம்ப்பிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேனாப் பற்றரியின் கழித்தல் முனையை மற்ற வயரில் வைத்து, கூட்டல் முனையைச் சிவப்புக்குப் போகும் கோடு போட்ட வயரில் ஒரு கணம் தொடுங்கள். வூஃபர் கோன் வெளியே தள்ளினால் சரி, உள்ளே இழுத்தால் எங்கோ மாறியிருக்கிறது.

எச்டிஎம்ஐயில் நிலைமை வேறு. அதில் நல்ல கேபிள் படத்தை அழகாக்காது. சிக்னல் வந்தால் முழுசாக வரும்; தாங்காவிட்டால் வெள்ளைப் புள்ளி பொரியும், இரண்டு செக்கன் திரை கறுக்கும், இல்லையேல் சிக்னல் இல்லை என்று நிற்கும். 4கே, 60 ஹேர்ட்ஸ், எச்டிஆர் என்றால் 18 ஜிகாபிட் தாங்கும் பிரீமியம் ஹை ஸ்பீட் கேபிள் வேண்டும். புதிய கேம் கொன்சோலில் 4கே 120 பார்ப்பவருக்கு மட்டும் 48 ஜிகாபிட் அல்ட்ரா ஹை ஸ்பீட். பெட்டியில் “2.1 வெர்ஷன்” என்று போட்டிருப்பதில் ஒன்றும் இல்லை, கியூஆர் குறியோடு இருக்கும் சான்று ஸ்டிக்கரைப் பாருங்கள். டிஷ் பொக்ஸுக்கு அலுமாரியில் கிடக்கும் பழைய கேபிளே போதும். சாதாரண செம்பு எச்டிஎம்ஐயை 3 மீட்டருக்குள் முடித்தால் தலைவலி குறைவு, 5 மீட்டர் கடைசி எல்லை. புரொஜெக்டருக்கு 10 மீட்டர் ஓட வேண்டுமானால் ஒளியிழையில் சிக்னல் போகும் ஒப்டிகல் எச்டிஎம்ஐதான். அதில் ஒரு முனை சோர்ஸ், மறு முனை டிஸ்ப்ளே. சுவருக்குள் இழுத்துப் பூசிய பிறகு தலைகீழ் என்று தெரிந்தால் சுவரைத்தான் உடைக்க வேண்டும், அதனால் தரையில் விரித்துப் படம் வருகிறதா என்று பார்த்துவிட்டு இழுங்கள். குழாய் அரை அங்குலம் போட்டால் பிளக் தலை நுழையாது, ஒன்றேகால் அங்குலம் வையுங்கள். உள்ளே ஒரு நைலோன் கயிற்றையும் விட்டுவையுங்கள்.

கேபிளைக் குறை சொல்லும் முன் டிவி மெனுவைப் பாருங்கள். பல டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் மேம்பட்ட சிக்னல் என்ற தெரிவு மூடியே இருக்கும். அதைத் திறக்காமல் கேபிளை இரண்டு தடவை மாற்றுபவர்கள்தான் அதிகம்.

டிவியிலிருந்து எம்ப்புக்குச் சத்தம் போக ஏஆர்சி (சத்தத்தைத் திருப்பி அனுப்பும் வழி) என்று எழுதிய எச்டிஎம்ஐ போர்ட்டிலேயே மாட்ட வேண்டும், பக்கத்துப் போர்ட்டில் மாட்டினால் ஒன்றும் கேட்காது. சாதாரண ஏஆர்சியில், மேலிருந்தும் சத்தம் வரும் டொல்பி அட்மோஸ் ஸ்ட்ரீமிங் வரைக்கும் வரும். புளூரேயின் ட்ரூஎச்டி ஒலிக்கு அதன் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சி வேண்டும். சத்தத்தை ஒளியாகக் கொண்டுபோகும் ஒப்டிகல் வயரில் 5.1 டொல்பி, டிடிஎஸ் வரும், அட்மோஸ் வராது. இருந்தும் மலைப் பக்கத்தில் ஒப்டிகலுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அதற்குள் கரண்ட் போக வழியில்லை.

ஏன் என்று சொல்கிறேன். சப்வூஃபரில் ‘ம்ம்ம்’ என்று ஓயாத இரைச்சல் வந்தால் முதலில் எம்ப்பிலிருந்து வரும் ஆர்சிஏ வயரைச் சப்வூஃபர் பக்கத்தில் கழற்றுங்கள். இரைச்சல் நிற்காவிட்டால் கோளாறு சப்வூஃபரில். நின்றால் திரும்ப மாட்டிவிட்டு, டிஷ் பொக்ஸின் பின்னால் டிஷ் வயரின் முனையில் இருக்கும் எஃப் பிளக்கைத் திருகிக் கழற்றுங்கள். இப்போது நின்றால் காரணம் டிஷ். கூரையிலுள்ள டிஷ் வயருக்குள் இருக்கும் உலோக வலை உறை ஒரு பக்கம் மண்ணைத் தொடுகிறது, எம்ப் வீட்டு எர்த்தைத் தொடுகிறது. இரண்டுக்கும் இடையில் சிறு மின்னழுத்தம் இருந்தால் அது ஆர்சிஏ வயரின் உலோக உறை வழியாக ஓடி 50 ஹேர்ட்ஸ் இரைச்சலாகிறது. சாதாரண அன்டெனாவுக்கு விற்கும், மின்தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை இங்கே போட்டால் டிஷ் தலைக்குப் போகும் 13, 18 வோல்ட் தடைபட்டு சிக்னலே போய்விடும். டிஷ் வயரை வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கிரவுண்ட் புளொக் என்ற சிறு உலோக இணைப்பில் மாட்டி, அதை வீட்டின் அதே எர்த்தோடு எலக்ட்ரீஷியனைக் கொண்டு சேர்ப்பதுதான் சரி. இல்லையென்றால் பொக்ஸை டிவியோடு மட்டும் மாட்டி, டிவியிலிருந்து எம்ப்புக்கு ஒப்டிகல் போட்டால் அந்த வட்டம் அறுந்துவிடும். இரைச்சலை நிறுத்த எம்ப்பின் எர்த் பின்னை வெட்டும் வித்தையை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உள்ளே ஒரு வயர் கழன்றால் 230 வோல்ட் பெட்டியின் மேல் நிற்கும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி கட்டும்போது இதே டிஷ் வயர்தான் எமன். மின்னல் டிஷ்ஷில் நேரே விழ வேண்டியதில்லை, பக்கத்து மரத்தில் விழுந்தாலே அந்த வயரில் ஏறும் வோல்டேஜ் பொக்ஸுக்குள் வந்து, எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும் எம்ப்புக்கும் போகும். 5 வோல்ட் அளவில் வேலை செய்யும் எச்டிஎம்ஐ சிப்தான் முதலில் சாகும். டிவி பத்தும், படம் இருக்கும், ஆனால் ஒரு போர்ட் இருக்காது. சுவிட்சை மட்டும் ஓஃப் செய்து பயனில்லை. பிளக்கையும் கழற்ற வேண்டும், டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். முகில் திரளும்போதே செய்யுங்கள், இடி தலைக்கு மேல் வந்தபின் வயரில் கை வைக்க வேண்டாம். கழற்றிய முனையை டிவி மேலே போட்டுவிடாமல் ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். திருகாமல் இழுத்தாலே வரும் எஃப் பிளக் கிடைக்கும், அதைப் போட்டால் வீட்டில் எல்லாரும் செய்வார்கள். சேர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் கோட் நல்லதுதான், ஆனால் சொக்கட்டில் எர்த் இல்லாவிட்டால் அதில் பாதிக்கு மேல் வீண். லயத்தில் பக்கத்துக் காம்பிராவிலிருந்து நீட்டிய லைனாக இருந்தால் எர்த் வயர் கூட வந்திருக்கிறதா என்று முதலில் டெஸ்ட் பண்ணுங்கள். ஒப்டிகல் எச்டிஎம்ஐயும் காக்கும் என்று எண்ண வேண்டாம், பெரும்பாலானவற்றில் மெல்லிய செம்பு வயரும் கூடவே ஓடும்.

ஈரம் மெதுவாகக் கொல்லும். மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து மழை அடிக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ் மழைதான் கூட. டிஷ் வயருக்குச் சுவரில் ஓட்டை போடும்போது காற்று அடிக்காத பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, வெளியே சாய்வாகத் துளையுங்கள். வயரை ஓட்டைக்கு ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றி உள்ளே விட்டால் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். நேராக இறக்கி விட்டால் தண்ணீர் வயரோடு சேர்ந்து ஹாலுக்குள் வந்து பொக்ஸுக்குப் பின்னால் நிற்கும். கூரையில் உள்ள எஃப் பிளக்கைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள்.

கண்ணாடி மாதிரி உறையுள்ள ஸ்பீக்கர் வயரில் செம்பு பச்சையாவதை நுவரெலியாப் பக்கம் சில வருடத்திலேயே காணலாம். பச்சை முனையோடு இருந்தால் 3 செ.மீ. வெட்டிப் புதிதாக உரியுங்கள், அதற்குத்தான் அந்த அரை மீட்டர் கையிருப்பு. உள்ளே வரைக்கும் பச்சை ஓடியிருந்தால் முழு வயரையும் மாற்றுவதுதான் வழி. ஆர்சிஏ பிளக்குகளை மழை முடிந்ததும் ஒரு தடவை கழற்றி, ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்து மாட்டுங்கள். கேசிங்கை வெளிச்சுவரின் உட்பக்கத்தில் ஒட்டாமல் அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஒட்டுங்கள். அந்தச் சுவர்தான் காய்ந்து கிடக்கும்.