நாலு குழி

அந்தத் தாளில் 108 என்று நான் எழுதவில்லை. வாயால் சொன்னேனா என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் அவர் ரைட்டர். ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. மாத மாத்திரை வாங்க வந்தவர், கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "நெஞ்சு வலிச்சா நாமளே குத்திக்கற ஊசி ஒண்ணு வருதாமே கண்ணு, நெசமா?"

செலடோக்ரெலைத்தான் கேட்கிறார். மருந்தாளுநரிடம் எல்லோரும் கேட்பது சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்பதுதான். எட்டு வருஷத்தில் ஒருவர் இப்படிக் கேட்டால் வாய் சும்மா இருக்குமா? பழைய பில் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் படமே வரைந்துவிட்டேன். ரத்தத்தை உறைய வைக்கிற நுண்தட்டு, அதான் பிளேட்லெட், அதன் மேல் பி2ஒய்12 என்று ஒரு இடம். ஏடிபி என்கிற ரசாயனம் அங்கே வந்து உட்கார்ந்தால் பிளேட்லெட்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ரத்தக்கட்டியாகும். இந்த மருந்து அந்த இடத்தை மறித்துக்கொள்ளும். தோலுக்கடியில் போடுவதால் 15 நிமிஷத்தில் வேலை தொடங்கும், எட்டு மணி நேரம் போல இருந்துவிட்டுத் தானாக விலகிவிடும்.

"நான் போடறது?"

குளோபிடோக்ரல் விழுங்கியவுடனே மருந்தாகிவிடாது, ஈரல் அதை மாற்றித் தர வேண்டும் என்றேன். உடம்புக்குள் போனதில் 85 சதவீதம் போல வழியிலேயே வேறு நொதிகளிடம் சிக்கி வீண். மிச்சம்தான் இரண்டு படி மாறி வேலைக்கு வரும். அதனால்தான் மாரடைப்பென்று வந்தால் ஆஸ்பத்திரியில் எடுத்தவுடன் 300, 600 மில்லிகிராம் என்று மொத்தமாகக் கொடுக்கிறார்கள்.

"அப்ப எங்கிட்ட இருக்கற 75-ல நாலு."

"ஆமாங்க ஐயா, நாலு."

இவ்வளவுதான் பேச்சு. அவர் கணக்கு எழுதுகிற மனுஷன், வகுத்துப் பார்த்தார். நான் விடை சரியென்றேன். தாளின் ஓரத்தில் 300 = 4 என்று எழுதியதும் என் கைதான்.

ஜனவரியில், பனி இறங்கிய ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு வலி வந்திருக்கிறது. நாலு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி படுத்துவிட்டார். 15 நிமிஷம். சரியாகவில்லை என்றதும் இன்னொரு 15 நிமிஷம். ஊசிக்குச் சொன்ன நேரத்தை மாத்திரைக்கு வைத்துக் காத்திருக்கிறார். 300 மில்லிகிராம் மாத்திரை முழுசாகப் பிடிக்க ஆறு மணி நேரம்கூட ஆகும். மாரடைப்பு நேரத்தில் வயிறு மந்தமாகி இன்னும் இழுக்கும். இவர் நடுவில் ஒருதரம் வாந்தியும் எடுத்திருக்கிறார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு மென்று விழுங்கியிருக்க வேண்டிய ஆஸ்பிரின் பக்கத்து அட்டையிலேயே இருந்தது. விடிந்தபிறகு எஸ்டேட் ஜீப்பில் 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்து சேர்ந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் எக்கோவில் இதயத்தின் பம்பிங் 35 சதவீதம்தான்.

செலடோக்ரெல் அப்போது பரிசோதனையில் இருந்த மருந்து, கடையில் கிடைக்காது. அதை நான் சொன்னேன், நன்றாக நினைவிருக்கிறது. 14,000 பேரைச் சேர்க்கும் திட்டத்தோடு 2021-ல் தொடங்கிய அந்தப் பெரிய பரிசோதனையிலேயே, ஊசி போட்ட கையோடு அவசர உதவியைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. ஊசி கொஞ்ச நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். இதெல்லாம் நான் படித்ததுதான். படித்ததாலேயே சொல்லிவிட்டதாக மனசு காட்டுகிறதோ என்னவோ.

அந்தப் பனியில் 108 மேலே ஏறி வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்றும் சில நாள் கேட்டுக்கொள்வேன். ஏற்காட்டிலேயே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று பதிலும் நானே சொல்லிக்கொள்வேன்.

"கேட்டதுக்கு மேல ஏன் சொன்ன?" என்றார் எங்கள் சீனியர். எனக்குக் கோபம் வந்தது. ஸ்டென்ட் வைத்த மூன்றாம் வாரமே, பல் பிடுங்க வேண்டுமென்று குளோபிடோக்ரலைத் தானே நிறுத்திவிட்டு வந்தவரையும் இதே ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறோம். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது. அன்றைக்கு யாரும் ஏன் சொல்லவில்லை என்று இந்த சீனியரே கேட்கவில்லை. இதை நான் எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை, ஏனென்றால் இந்த விஷயத்தில் அவர் சொன்னது சரியோ என்றும் இருந்தது.

வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். தலைமாட்டில் மாத்திரை அட்டை. வரிசையாக நாலு குழி காலி, மேலே ஃபாயில் சுருண்டு நின்றது. மூக்குக்கண்ணாடி உறைக்குள்ளிருந்து அந்த பில்லை எடுத்தார். மடித்து மடித்து மடிப்போரம் நைந்திருந்தது.

"வண்டியக் கூப்பிடுன்னும் சொல்லியிருப்ப கண்ணு. எனக்குத்தான் காதுல ஏறல."

அவர் சம்சாரம் ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. சொன்னேன் என்றும் சொல்ல முடியவில்லை, சொல்லவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

கிளம்பும்போது கேட்டார்: "அந்த ஊசி எப்பத்தான் வரும்?"

"டாக்டர்கிட்ட கேளுங்க ஐயா" என்றேன்.