கல்வாழையை அறுக்காதே என்கிறார் அத்தை

எங்கள் தெருச் சாக்கடை, அரசலாற்றிலிருந்து பிரியும் வாய்க்காலில்தான் போய் விழுகிறது. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் யாரையும் உறுத்தாது. வழக்கம்போல ஜனவரி 28-ல் மேட்டூரை மூடிய பிறகு வாய்க்காலில் கிடப்பது நாங்கள் கழித்த தண்ணீர் மட்டுமே. அதில் மாடுகூட இறங்க மறுக்கும்.

ஆகாயத்தாமரை அழுக்கை உறிஞ்சும் என்று கேள்விப்பட்டு, மூங்கில் சட்டத்துக்குள் நாலு கூடை மிதக்கவிட்டோம். தண்ணீர் கொஞ்சம் தெளிந்ததும் உண்மைதான். ஆனால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி அது. வாரம் தவறாமல் அள்ள வேண்டும், யார் அள்ளுவது? ஜூனில் தண்ணீர் வந்த வேகத்தில் சட்டம் பிய்ந்து, மொத்தமும் மதகில் போய் அடைத்துக்கொண்டது. கடைமடை நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஏறவில்லை. அந்த ஊர்க்காரர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது. இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு நாள் முழுக்க இழுத்துப் போட்டோம்.

அடுத்த கோடையில், சாக்கடை வாய்க்காலைத் தொடும் முன்பே அதை மடக்கினோம். இரண்டடிப் பள்ளம், அடியில் தார்ப்பாய், மேலே முக்கால் அங்குல ஜல்லி, அதில் கல்வாழையும் சம்பங்கோரையும். தண்ணீர் ஜல்லிக்குக் கீழேயே நகர வேண்டும். மேலே தேங்கினால் கொசு. ஜல்லியிலும் வேரிலும் ஒட்டி வளரும் நுண்ணுயிர்கள்தான் அழுக்கைத் தின்கின்றன. செடி அவற்றுக்கு வேர்வழியே கொஞ்சம் காற்றைக் கொடுத்து, மிஞ்சும் உரச்சத்தை எடுத்துக்கொள்கிறது.

இதிலும் ஒரு கஞ்சத்தனம் செய்தோம். முன்னால் படிவுத் தொட்டி வைக்கவில்லை. வடிகஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் இரண்டே மாதத்தில் ஜல்லியை அடைத்துவிட்டன. அத்தனையையும் வாரி, கழுவி, மறுபடி கொட்டினோம். இப்போது முன்னால் இரண்டு கிணற்று உறைகள் இறக்கி, கசடை அங்கேயே தங்க வைக்கிறோம். அதை அள்ளுவதற்கு வீட்டுக்கு வீடு முறை.

வெளியே வருவது குடிக்கிற தண்ணீர் அல்ல, குளிக்கவும் சொல்லமாட்டேன். நாற்றம் இல்லை, நுரை இல்லை, அந்த அளவுதான்.

செடி எடுத்த சத்து அதன் தண்டிலும் இலையிலும் இருக்கிறது. அப்படியே அழுக விட்டால் திரும்பத் தண்ணீருக்கே போகும். ஆகவே அவ்வப்போது அறுத்துத் தென்னை மரத்தடியில் மக்க வைக்கிறேன். எதிர்வீட்டு அத்தைக்கு அதில்தான் கோபம். "பூத்து நிற்கிறதை ஏன்டா வெட்டுகிறாய்?" அவர் திண்ணையிலிருந்து தெரிகிற ஒரு வரிசையை மட்டும், பூ உதிரும் வரை தொடுவதில்லை.