வலிக்கு ஊசி: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 3, 2024, திங்கள்

மூட்டு, நரம்பு, முதுகு வலிக்குப் போடும் ஊசிகளைப் பற்றி. மருந்துப் புட்டியிலிருந்தே தொடங்கலாம். கெனகார்ட் 1 மி.லி. புட்டியில் 40 மி.கி. டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு இருக்கும். அது கரைந்த மருந்து இல்லை, நீரில் மிதக்கும் நுண்பொடி. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். அதனால் உறிஞ்சும் முன் நன்றாகக் குலுக்க வேண்டும், உறிஞ்சியதும் போட்டுவிட வேண்டும். சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தால், முதலில் வெறும் தண்ணீர் போகும், பொடியெல்லாம் கடைசியில் மொத்தமாகப் போகும்.

இதோடு மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் கலப்பது வழக்கம். பலமுறை குத்தி எடுக்கும் 30 மி.லி. புட்டியில் கெடாமல் இருக்க மெத்தில் பாரபென் சேர்த்திருப்பார்கள். ஸ்டீராய்டு அதோடு சேர்ந்தால் திரிந்த பால் போலத் திப்பி கட்டும். சிரிஞ்சை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். பழுப்பு நிற 26 எண் ஊசி அதில் அடைத்துக்கொள்ளும். அடைத்த ஊசியை மேலும் அழுத்தினால் சிரிஞ்சிலிருந்து பிய்த்துக்கொண்டு எதிரே இருப்பவர் முகத்தில் தெறிக்கும். பாரபென் சேர்க்காத ஆம்பூல் (உடைத்து எடுக்கும் கண்ணாடிக் குப்பி), திருகிப் பூட்டும் சிரிஞ்சு இரண்டும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

லிக்னோகைன் அளவை மனக்கணக்காக விடக் கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு அதிகபட்சம் 3 மி.கி. என்றால் 60 கிலோ ஆளுக்கு 180 மி.கி. 2% மருந்தில் அது 9 மி.லி.தான். ஒரே நாளில் இரண்டு முழங்கால், ஒரு தோள் என்றால் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். உதடு மரத்தாலோ, வாயில் இரும்புச் சுவை அடித்தாலோ, காதில் இரைச்சல் கேட்டாலோ அங்கேயே நிறுத்த வேண்டும். மிஞ்சிய லிக்னோகைனின் நச்சை முறிக்கும் 20% கொழுப்புத் திரவம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கிலோவுக்கு 1.5 மி.லி. அதன் முதல் அளவு.

ஜூன் 5, புதன்

“ஜவ்வு போயிடுச்சுன்னாங்க.” இதைச் சொல்லாமல் யாரும் உள்ளே வருவதில்லை. நம் ஊரில் ஜவ்வு என்றால் முழங்காலின் வட்டத்தட்டு, குருத்தெலும்பு, தசைநார், முதுகு டிஸ்க் நான்கும்தான். எந்த ஜவ்வு என்று பிரிக்காமல் ஊசியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கிழிந்த வட்டத்தட்டு எந்த ஊசியிலும் ஒட்டாது. தேய்ந்த குருத்தெலும்பு ஊசியால் முளைக்காது.

தேய்மான முழங்கால் வீங்கிச் சூடாக இருக்கும்போது ஸ்டீராய்டுக்குப் பலன் அதிகம். காலை நீட்டிப் படுக்கவைத்து, சில்லெலும்பின் வெளிப்பக்க மேல்மூலைக்கு அடியில் ஊசி நுழைய வேண்டும். நீர் கோத்திருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டும். மஞ்சளாகத் தெளிந்திருந்தால் மேலே போகலாம். கலங்கியிருந்தால் ஸ்டீராய்டைத் தொடவே கூடாது, நீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

இடைவெளி குறைந்தது 3 மாதம். அதையும் ஆண்டுக்கணக்கில் தொடரக் கூடாது. 2017-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 140 பேரில் ஒரு பாதிக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை 40 மி.கி. டிரையம்சினலோனும், மறுபாதிக்கு வெறும் உப்புநீரும் 2 ஆண்டு போட்டார்கள். வலியில் வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பு மட்டும் ஸ்டீராய்டு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. மூட்டு மாற்று அறுவைக்குத் தேதி குறித்தவர்களுக்கு அதற்கு முந்தைய 3 மாதத்தில் ஊசி வேண்டாம், கிருமித்தொற்று கூடும்.

ஜூன் 8, சனி

தோள் இறுகிப்போனவர்கள். பின்னால் கை கொண்டுபோய்க் கொக்கி மாட்ட முடியாது, தலை வார முடியாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. பலருக்குச் சர்க்கரை இருக்கும் என்று நினைத்துக்கொண்டே விசாரிப்பது நல்லது.

ஊசி பலன் தரும் இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவோம். உட்காரவைத்து, வலிக்கும் பக்கத்துக் கையை எதிர்த் தோள்மேல் வைக்கச் சொன்னால் மூட்டின் பின்பக்கம் திறக்கும். தோள் எலும்பின் பின்–வெளி மூலையைத் தடவிக் கண்டுபிடித்து, அங்கிருந்து 2 செ.மீ. கீழே, 1 செ.மீ. உள்ளே வந்தால் விரல் பள்ளத்தில் அமுங்கும். இன்னொரு கையின் ஆட்காட்டி விரல் முன்பக்கம் கொராக்காய்டு எலும்பு முனையில் இருக்கட்டும். ஊசி அந்த விரலை நோக்கிப் போக வேண்டும். ஒல்லியான உடம்புக்கு 38 மி.மீ. ஊசி போதும். சதைப்பிடிப்பான தோளுக்கு 22 எண் முதுகுத்தண்டு ஊசிதான் எட்டும்.

உள்ளே இருக்கிறோமா என்பதைக் கட்டைவிரல் சொல்லும். மூட்டுக்குள் மருந்து தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். கெட்டியாக எதிர்த்தால் ஊசிமுனை தசைநாணிலோ குருத்தெலும்பிலோ குத்தி நிற்கிறது. 1–2 மி.மீ. பின்னால் இழுத்து, ஊசியைத் திருப்பி மறுபடி பார்க்க வேண்டும். பலத்தைக் காட்டி அழுத்துவது மூட்டைக் கெடுக்கும் வேலை. அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்துப் போட்டால் இந்த ஊகமே வேண்டாம்.

மூட்டுப்பை சாதாரணமாக 20 மி.லி.க்கு மேல் கொள்ளும். இறுகிய தோள் 10 மி.லி.க்கே திணறும். அதனால் 40 மி.கி. டிரையம்சினலோன், 1% லிக்னோகைன் 5 மி.லி. போன பிறகு, உப்புநீரை 10 முதல் 20 மி.லி. வரை மெல்ல ஏற்றிப் பையை விரிக்கிறோம். அழுத்தம் ஏறிக்கொண்டே வந்து சட்டென்று விட்டுக்கொடுக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

பெரிய தவறு இதற்குப் பிறகுதான் நடக்கிறது. வலி போனதும் வீட்டில் கையை மடக்கி வைத்து ஓய்வு எடுக்கிறார்கள். ஊசி சில வாரங்களுக்குத்தான் கதவைத் திறந்து வைக்கும். அன்றைக்கே ஊஞ்சல் போலக் கையை ஆட்டுவது, சுவரில் விரலால் ஏறுவது, கம்பைப் பிடித்து முன்கையை வெளிப்பக்கம் தள்ளுவது தொடங்க வேண்டும்.

சர்க்கரை சில நாட்கள் ஏறும், பெரும்பாலும் ஒரு வாரத்தில் இறங்கும். அதுவரை வீட்டிலேயே தினமும் பார்க்க வேண்டும். இரண்டு தோளுக்கும் ஒரே நாளில் போடுவதில்லை.

ஜூன் 12, புதன்

டென்னிஸ் எல்போ, அதாவது முழங்கையின் வெளிப்பக்க நாண் வலி. மட்டையைத் தொட்டே பார்க்காத கொத்தனாருக்கும், துணி பிழிகிறவருக்கும் வருவது.

ஸ்டீராய்டு போட்டால் 6 வாரம் ஆகா என்று இருக்கும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் கதை வேறு. 2013-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில் ஸ்டீராய்டு போட்டவர்களில் 54% பேருக்கு வலி திரும்பியது, மருந்தில்லாத போலி ஊசி போட்டுக்கொண்டவர்களில் 12% பேருக்குத்தான். வலிக்கும் இடம் முழங்கை என்றால் ஸ்டீராய்டு வேண்டாம் என்பது எங்கள் கட்சி.

டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) ஊசி இன்னொரு வழி. 1950-களில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஹேக்கெட் இதற்குப் புரோலோதெரபி என்று பேர் வைத்தார். தளர்ந்த தசைநாரை வேண்டுமென்றே உறுத்தி, உடம்பைப் பழுதுபார்க்கத் தூண்டுவது அவர் எண்ணம். 25% டெக்ஸ்ட்ரோஸும் 1% லிக்னோகைனும் சரிபாதி கலந்தால் 12.5%. ஊசி எலும்பைத் தொட்ட பிறகு, நாண் ஒட்டும் இடத்தில் புள்ளிக்கு 0.5 மி.லி. வீதம். இரண்டு மூன்று நாள் வலி கூடும், அதற்குப் பாரசிட்டமால் போதும். அழற்சியை அடக்கும் டைக்ளோஃபினாக் விழுங்கினால் எதைத் தூண்டினோமோ அதையே அணைத்தது போல. 3–4 வார இடைவெளியில் மூன்று முறை. மூன்றிலும் மாற்றம் இல்லையென்றால் நான்காவது வேண்டாம். இதற்கான ஆய்வுகள் சிறியவை, அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

பி.ஆர்.பி. (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த தட்டணு ஊசி) கேட்டு நிறையப் பேர். 2021-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில் தேய்மான முழங்கால் 288 பேர். ஓராண்டு கழித்து உப்புநீரைவிட வலியும் குறையவில்லை, குருத்தெலும்பும் மிஞ்சவில்லை. அந்தக் காசுக்கு எடை குறைக்கவும் தொடைத் தசையை வலுப்படுத்தவும் ஆள் வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 19, புதன்

நரம்பு ஊசி என்றால் பலரும் நினைப்பது பி12. இது வேறு. மணிக்கட்டுக் குகையில் நரம்பு அமுங்கி, இரவில் விரல் மரத்து, கையை உதறி எழுபவர்களுக்கானது.

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் நடுவில் ஒரு நாண் புடைக்கும். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. மணிக்கட்டு வரியில், அந்த நாணுக்குச் சுண்டுவிரல் பக்கமாக, மோதிர விரலை நோக்கிச் சாய்த்து 25 எண் ஊசி. விரலை ஆட்டச் சொல்லும்போது ஊசியும் சேர்ந்து ஆடினால் நாணில் இருக்கிறோம். ஷாக் அடித்ததென்றால் நரம்பு. ஒரு துளிகூட விடாமல் வெளியே வந்துவிட வேண்டும். மெத்தில்பிரெட்னிசலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு 40 மி.கி. அல்லது அல்ட்ராசவுண்ட் பார்த்து 5% டெக்ஸ்ட்ரோஸ் 5 மி.லி. கொண்டு நரம்பைச் சுற்றிலும் பிரித்து விடுவது.

டெக்ஸ்ட்ரோஸ் நாணுக்கு 12.5%, நரம்புக்கு 5%. சிரிஞ்சில் இரண்டும் ஒரே தண்ணீராகத்தான் தெரியும். உறிஞ்சிய கையோடு சீட்டு ஒட்டாவிட்டால் மாறிப்போகும்.

கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றியிருந்தால் ஊசியில் காலம் போக்காமல் அறுவைக்கு அனுப்ப வேண்டும்.

ஜூன் 22, சனி

முதுகு. கழுத்திலும் இடுப்பிலும் நரம்பு வெளிவரும் துளை வழியே போடும்போது, தண்டுவடத்துக்குப் போகும் சிறு தமனியில் ஊசி நுழைந்துவிடலாம். பொடி மிதக்கும் ஸ்டீராய்டு அங்கே போனால் அடைத்து, கை கால் செயலிழக்கலாம். அதனால்தான் பொடியில்லாத ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன், அதற்கு முன் சி-ஆர்ம் (எக்ஸ்ரே) திரையில் சாய மருந்து ஓடுவதைப் பார்ப்பது. திரை இல்லாத அறையில் இந்த ஊசிக்கு இடமில்லை.

2012-இல் அமெரிக்காவில் ஒரே மருந்துக்கூடத்தில் கலந்து, பெரும்பாலும் முதுகில் போட்ட மெத்தில்பிரெட்னிசலோனில் பூஞ்சை இருந்து, 750-க்கு மேற்பட்டோர் நோயுற்று, 60-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஜூன் 26, புதன்

ஊசிக்குப் பின் வரும் தொலைபேசி அழைப்புகள்.

அன்றிரவோ மறுநாளோ மூட்டு வலி எகிறினால் பெரும்பாலும் ஸ்டீராய்டுப் பொடியின் உறுத்தல். ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் 48 மணி நேரத்தில் தணியும். மூன்றாம் நாளுக்கு மேல் வலி ஏறிக்கொண்டே போய், மூட்டு சிவந்து, காய்ச்சலோ நடுக்கமோ சேர்ந்தால் சீழ் பிடித்ததாகவே கருதி அன்றே வரச் சொல்ல வேண்டும். மாத்திரை சொல்லிப் போனை வைக்கக் கூடாது.

முகம் சிவந்து சூடேறுவது ஓரிரு நாளில் போகும். மாதவிலக்கு ஒருமுறை தப்பலாம். ரிட்டோனவிர் எடுக்கிற எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு டிரையம்சினலோன் உடம்பைவிட்டுப் போகாமல் தங்கும், அவர்களிடம் மருந்துச் சீட்டைக் கேட்காமல் போடக் கூடாது.

மணிக்கட்டு, விரல் போன்ற மெல்லிய இடங்களில் மருந்து தோலுக்கடியில் கசிந்தால் சில வாரங்களில் வெள்ளைத் திட்டும் சிறு குழியும் விழும். கறுத்த தோலில் பளிச்சென்று தெரியும், வெண்குஷ்டம் என்று பயந்து போன் செய்வார்கள். அது இல்லை. பல மாதங்களில் பெரும்பாலும் நிறம் திரும்பும்.