18ஆம் நாள்

"மேடம், குட்டிகளுக்கு 18 நாள் ஆகிவிட்டது, தாய்க்கு மறுபடியும் வயிறு தெரிகிறது. இன்றைக்கே பிரித்துவிடட்டுமா?" என்று சுண்டெலிக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கேட்டார். "21 ஆகட்டும் அண்ணா, இவை மிகவும் சிறியவை" என்றேன். ஒரு நிமிடம்கூட நீடிக்காத அந்தப் பேச்சு இன்றும் என்னை விடவில்லை.

சுண்டெலி ஈன்ற ஒரு நாளுக்குள் மீண்டும் சினையாகக்கூடும் என்பதும், ஆணைக் கூண்டிலேயே விட்டால் முதல் ஈற்றுக் குட்டிகள் பால்குடி மறக்கும் வேளையில் அடுத்த ஈற்று வந்துவிடும் என்பதும் நான் அறியாதவை அல்ல. ஆனாலும் அன்று கூண்டின் அட்டையில் இருந்த எண்ணிக்கையை மட்டுமே பார்த்தேன்: ஓர் ஆண், ஒரு பெண், எட்டுக் குட்டிகள். தாய்க்கும் குட்டிகளுக்கும் சேர்த்து 330 சதுர சென்டிமீட்டர் தரைப்பரப்பு பரிந்துரைக்கப்படுகிறது; எங்கள் கூண்டில் 500 இருந்தது. அன்றைய கணக்கில் நெரிசலே இல்லை.

20ஆம் நாள் காலையில் ஏழு புதிய குட்டிகள் கிடந்தன. நான்கு இறந்திருந்தன. கண் திறந்து ஓடியாடும் பெரிய குட்டிகள் கூட்டைக் கலைத்து அவற்றின் மேலேயே ஏறிப் படுத்திருந்தன. மிதிபட்டு இறந்தனவா, பால் கிடைக்காமல் இறந்தனவா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அண்ணன் ஒரு சொல்லும் சொல்லாமல் புதுக் கூண்டில் மரத்தூளைப் பரப்பினார். அவர் கடிந்துகொண்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அந்தப் பதிலைப் பிறகு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். எடை குறைந்த குட்டிகளை 18ஆம் நாளிலேயே பிரித்திருந்தால் அவற்றில் சில இறந்திருக்கலாம். எட்டும் பிழைத்தன அல்லவா? ஆனால் ஊறவைத்த தீவனத்தைத் தரையிலேயே வைத்து, தினமும் எடை பார்த்திருந்தால், அவை அப்போதும் பிழைத்திருக்கக்கூடும். அந்த வழி எனக்குத் தெரியும். அன்று அது நினைவுக்கு வரவில்லையா, அதற்கான வேலையைத் தவிர்த்தேனா என்பதுதான் எனக்கே தெளிவாகவில்லை.

இப்போது ஈனும் நாளுக்கு முன்பே ஆணை எடுத்துவிடுகிறேன். நெரிசல் குறைந்திருக்கிறது. ஆனால் அறிமுகமில்லாத ஆண்களோடு சேர்த்தால் கடித்துக் குதறிக்கொள்ளும் என்பதால், அந்த ஆண் தனிக் கூண்டில் தனியாகவே கிடக்கிறது. கூடி வாழும் உயிருக்கு அது நல்லதல்ல என்று தெரிந்தேதான் செய்கிறேன். ஒவ்வொரு அட்டையிலும் அடுத்த ஈற்று எதிர்பார்க்கும் தேதியை அண்ணன் சிவப்பு மையால் எழுதிவைக்கிறார். எழுதும்படி நான் சொல்லவில்லை.