அளவு நாடாவை என் இடுப்பில் வைத்த நாள்

ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த மின்னஞ்சலில் நான்கே வரிகள்தான் இருந்தன. மருத்துவப் பரிசோதனையில் என் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடைதானா என்று காட்டும் எண், 31.0 என்று தெரியவந்திருப்பதாகவும், அதனால் ஆண்டுப் பிரீமியத்தை 25 விழுக்காடு கூட்டிக் கட்ட வேண்டும் என்றும், குறித்த நாளுக்குள் ஒப்புதல் தராவிட்டால் விண்ணப்பத்தை முடித்துவிட்டுக் கட்டிய பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றும் எழுதியிருந்தார்கள். ஐந்து மாதங்கள் ஓடிவிட்டன. இன்றும் அந்த வரிகளை நினைத்தால் எனக்கு முகம் சுடுகிறது.

ஈரோட்டில் பதினேழு ஆண்டுகளாகப் பெண்களுக்கான தையற்கடை நடத்துகிறேன். வயது 41. இரண்டு பெண் பிள்ளைகள். கடைக்காக வாங்கிய வங்கிக் கடன் இன்னும் தீரவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கடன் பிள்ளைகளின் தலையில் விழக் கூடாது என்றுதான் டேர்ம் பாலிசிக்கு விண்ணப்பித்தேன். பான், ஆதார், வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே மாலையில் பதிவேற்றி முடித்தாயிற்று. உடலை அளக்கும் இடத்தில்தான் சிக்கல் தொடங்கியது.

முதல் நாள் வீண். முந்திய இரவு ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட்டு, காலையில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, ஏழரை மணிக்குப் பரிசோதனைக் கூடத்தில் போய் நின்றேன். ஆதார் நகல் செல்லாது, படம் உள்ள அசல் அடையாள அட்டைதான் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேரம் குறித்து வந்த குறுஞ்செய்தியில் அசல் என்ற சொல்லே இல்லை. காப்பீட்டுக்கான பரிசோதனைக்குப் போகிறவர்கள், யார் என்ன சொல்லியிருந்தாலும், அசல் அட்டையைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு போங்கள். பன்னிரண்டு மணி நேரப் பட்டினியை இரண்டு முறை கிடக்க வேண்டியதில்லை.

மறுபடி போன நாளில் ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி. எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தன. கடைசியாக எடையும் உயரமும். அதற்குத் தனி அறை இல்லை. காத்திருப்போர் உட்கார்ந்திருந்த கூடத்தின் ஓரத்திலேயே எடை இயந்திரம் இருந்தது, அதை ஒட்டிய சுவரில் காகித அளவு நாடா ஒன்று ஒட்டியிருந்தது. அங்கிருந்த இளைஞர் என்னைச் சுவரோரம் நிற்க வைத்து, தலைமேல் ஓர் அட்டையை வைத்துப் பார்த்து, "நூத்தி அம்பத்திரண்டு, எழுபத்தொண்ணு புள்ளி ஆறு" என்று உரக்கச் சொன்னார். மேசையில் இருந்தவர் கைபேசியில் கணக்குப் போட்டு, "முப்பத்தொண்ணு வருது, ஒபீஸ்னு போட்டுக்கோ" என்று அதைவிட உரக்கச் சொன்னார். ஒபீஸ் என்றால் உடற்பருமன். கூடத்தில் பதினைந்து பேராவது இருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் கடைக்கு ஆண்டுக்கணக்காக வரும் வாடிக்கையாளர். அவர் சட்டென்று கைபேசியைப் பார்க்கத் தொடங்கியது, எண்ணைக் கேட்டதைவிட அதிகமாக வலித்தது.

அன்று மதியம் கடையில் ஒரு பெண்ணுக்கு ரவிக்கை அளவு எடுத்தேன். "மார்பு நாற்பது, இடுப்பு முப்பத்தெட்டு" என்று நான் சொல்ல, உதவிக்கு இருக்கும் பெண் நோட்டில் எழுதுவதுதான் எங்கள் வழக்கம். வரிசையில் நிற்கும் மற்றவர்கள் அனைவருக்கும் அது கேட்கும். பதினேழு ஆண்டுகளாக இதைச் செய்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இடுப்பு" என்று சொன்னவள் அப்படியே நிறுத்திக்கொண்டு, நோட்டை வாங்கி நானே எழுதினேன். அன்றிலிருந்து அளவுகளை நானேதான் எழுதிக்கொள்கிறேன்.

மின்னஞ்சல் வந்ததும் என்னை முதலில் உறுத்தியது எடையைவிட உயரம்தான். எனக்கு வேண்டிய சுடிதாரையும் நைட்டியையும் நானே தைத்துக்கொள்கிறவள் நான். என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம் என்பது எனக்கு மனப்பாடம். 152 சென்டிமீட்டர் என்றால் ஐந்தடிக்கு மேல் இல்லை. அன்று இரவே கதவு நிலையை ஒட்டி வெறுங்காலோடு நின்று, தலைமேல் சின்ன மகளைப் பாடப் புத்தகம் ஒன்றைச் சமமாகப் பிடிக்கச் சொல்லி, பென்சிலால் கோடு போடச் செய்தேன். தையற்கடை நாடா நாளாக நாளாக இழுபட்டு நீண்டுவிடும் என்பதால் அதை நம்பாமல், பக்கத்துத் தச்சுப் பட்டறையிலிருந்து இரும்பு டேப்பை வாங்கி அளந்தேன். 157 இருந்தது.

கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. உயரம் இரண்டு முறை கணக்கில் வருவதால் அதில் நேரும் சிறு பிழையும் பெரிதாகிவிடுகிறது. 71.6 கிலோவை 152 சென்டிமீட்டரோடு கணக்கிட்டால் 31.0, அதே எடையை 157 சென்டிமீட்டரோடு கணக்கிட்டால் 29.0. ஐந்து சென்டிமீட்டர் குறைந்ததில் என் கணக்கில் இரண்டு புள்ளிகள் ஏறியிருந்தன. உடற்பருமன் தொடங்கும் 30 என்ற கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டியவளை அதற்கு மேலே கொண்டு வைத்துவிட்டார்கள்.

இரும்பு டேப்போடு பரிசோதனைக் கூடத்துக்கே திரும்பப் போனேன். சுவரின் அடியில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஸ்கர்ட்டிங் ஓடு பதித்திருந்தார்கள். காகித நாடாவை ஒட்டியவர் ஓட்டின் மேல் விளிம்பையே தொடக்கமாகக் கொண்டு ஒட்டியிருக்கிறார். அதாவது நாடாவின் பூஜ்யம் தரையில் இல்லை. தரைக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே இருந்தது. அந்தச் சுவரில் உயரம் அளக்கப்பட்ட ஒவ்வொருவரும் ஐந்து சென்டிமீட்டர் குள்ளமாகவும், அதற்கேற்பக் கூடுதல் பருமனாகவும் பதிவாகியிருப்பார்கள். குனிந்து டேப்பை வைத்துக் காட்டினேன். மேசையில் இருந்தவர் எழுந்து வந்து பார்த்தார்; பார்த்துவிட்டு, "நாங்கள் அனுப்பிய அறிக்கையை மாற்ற முடியாது, நிறுவனம் கேட்டால்தான் மறுபடி அளப்போம்" என்றார். நிறுவனத்தின் சேவை எண்ணை அழைத்தால், "பரிசோதனைக் கூடம் திருத்தி அனுப்பினால்தான் நாங்கள் பார்ப்போம்" என்றார்கள். இப்படி இங்கும் அங்குமாக ஒன்பது நாட்கள் போயின. பாலிசி எடுத்துக் கொடுத்த முகவர், "இருபத்தஞ்சு பர்சன்ட்தானேங்க அக்கா, ஒத்துக்கிட்டுப் போயிடுங்க" என்றார். அது ஒரு முறை கட்டிவிட்டுப் போகிற தொகையாக இருந்தால் பரவாயில்லை. பாலிசி முடியும் வரை ஒவ்வோர் ஆண்டும் கட்ட வேண்டியது. மறுத்துவிட்டேன்.

கடைசியில், பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் உயரத்தையும் எடையையும் அளந்து தரும் சான்றிதழை அனுப்பினால் மறுபரிசோதனைக்கு ஆணையிடுவோம் என்று மின்னஞ்சலில் ஒத்துக்கொண்டார்கள். தொலைபேசியில் எத்தனை முறை கேட்டும் கிடைக்காத இந்தப் பதில், டேப்போடு சுவரைப் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிய மறுநாளே கிடைத்தது. எதையும் எழுத்தில் கேளுங்கள். படம் எடுத்து வையுங்கள். முதல் சான்றிதழில் மருத்துவரின் பதிவு எண் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அதில் மேலும் இரண்டு மாலைகள் போயின. முத்திரை, கையெழுத்து, பதிவு எண், தேதி ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது சான்றிதழுக்காக வேறொரு பெண் மருத்துவரிடம் போனேன். நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அவரே அளந்து 157 என்று எழுதியபோது, நீதி கிடைத்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. பிறகு அவர் பேனாவை மூடிவிட்டு, "உயரத்துக்காக நீங்கள் போராடியது முழுக்கச் சரி. ஆனால் 29-உம் அதிகம்தான் அம்மா" என்றார்.

உலக அளவில் 25 முதல் அதிக எடை, 30 முதல் உடற்பருமன் என்று கொள்கிறார்கள். இந்தியர்களுக்கென 2009-இல் வெளியான வழிகாட்டுதலோ 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்றும், 25-ஐத் தொட்டாலே உடற்பருமன் என்றும் வகுத்தது. நான் ஒன்பது நாட்கள் அலைந்து விலக்கிக்கொண்ட அதே சொல், எங்கள் ஊர்க் கணக்கின்படி 29-க்கும் பொருந்தியது. பரிசோதனைக் கூடத்தோடு சண்டையிடலாம், நிறுவனத்தோடு சண்டையிடலாம். இதற்கு எதிரில் நிற்க ஆளில்லை. வீட்டுக்கு வந்து அன்று இரவு சாப்பிடாமல் படுத்தேன்.

அடுத்த சில நாட்கள் அந்த எண்ணின் குறைகளையே தேடிப் படித்தேன். தேட நிறையவே இருந்தது. இந்தக் கணக்கை 1830-களில் வகுத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே. அவர் மருத்துவர் இல்லை, வானியலும் புள்ளியியலும் அறிந்தவர். மக்கள் கூட்டத்தின் சராசரியைத் தேடியபோதுதான் அவருக்கு இது கிடைத்தது. 1972-இல் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதற்குப் பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தார். தசையையும் கொழுப்பையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. கொழுப்பு வயிற்றில் இருக்கிறதா தொடையில் இருக்கிறதா என்பதும் அதற்குத் தெரியாது. அப்படியானால் நமக்குப் பொருந்தாத கணக்கு என்று மனத்துக்குள் தீர்ப்பு எழுதத் தொடங்கியிருந்தேன்.

அந்தத் தீர்ப்பைக் கலைத்தது, 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இரண்டு மருத்துவர்களின் படம். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. கணக்கில் குறை இருப்பது உண்மைதான். அந்தக் குறை எனக்குச் சாதகமாக இருக்கும் என்று நான் நம்பியதுதான் தவறு. எண் சரியாக இருக்கும்போதே நம்மவர் உடலில் கொழுப்பு கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால்தான் நமக்கு எல்லைக் கோட்டையே கீழே இறக்கியிருக்கிறார்கள்.

மறுபடியும் அதே மருத்துவரிடம் போனேன். இம்முறை அவர் இடுப்புச் சுற்றளவு கேட்டார். நாடா என் பையிலேயே இருந்தது; ஆயிரக்கணக்கான பெண்களை அளந்த கை. ஆனால் பாவாடை கட்டும் இடத்தில், வழக்கம்போல் உள்ளே இரண்டு விரல் விட்டு அளந்தவளை அவர் நிறுத்தினார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், விரல் விடாமல், இறுக்காமல் அளக்க வேண்டும் என்று இடத்தைத் தொட்டுக் காட்டினார். 37 அங்குலம், அதாவது 94 சென்டிமீட்டர். நம் நாட்டுப் பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும்; ஆண்களுக்கு 90. உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது இன்னொரு கணக்கு. எனக்கு அது 78.5. எந்தக் கோட்டில் வைத்தாலும் நான் வெளியேதான் இருந்தேன். சுவரில் ஒட்டிய நாடாவைக் குறை சொல்லலாம். இந்த நாடா என்னுடையது.

இன்னொன்றையும் அவர்தான் கேட்கச் சொன்னார். நிறுவனத்தின் செலவில் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவை நான் பார்த்ததே இல்லை. எழுதிக் கேட்டதும் நகல் அனுப்பினார்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி 5.9 இருந்தது, 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை. என் அம்மாவுக்கு நீரிழிவு உண்டு. நீங்கள் கேட்காவிட்டால் அந்தத் தாள் உங்கள் கைக்கு வராமலே போய்விடலாம். தயவுசெய்து கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அன்று இரவு பீரோவைத் திறந்து என் கல்யாண ரவிக்கையை எடுத்தேன். ரவிக்கை தைக்கும்போது, பிற்காலத்தில் பிரித்துவிடலாம் என்று உள்ளே துணி விட்டுத்தான் தைப்போம். பக்கத் தையலை விளக்கொளியில் விரித்துப் பார்த்தால், பிரித்த தையல்களின் ஊசித் துளைகள் மூன்று வரிசைகளாக, ஒன்றுக்கு வெளியே ஒன்றாக இருந்தன. முதல் வரிசை 2006, கல்யாணத்தின்போது. இரண்டாவது மூத்தவள் பிறந்த பிறகு. மூன்றாவது இளையவள் பிறந்த பிறகு. அதற்கு மேல் விட துணி இல்லாததால் பீரோவுக்குள் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் அதைப் பிரித்தது என் கைதான். ஒரு முறைகூட அதை அளவாக நான் வாசித்ததில்லை.

வாசிக்காததற்கு எங்கள் வீட்டுப் பேச்சும் ஒரு காரணம். சதை போட்டால் "பூசினாற்போல் இருக்கிறாய்" என்பார்கள்; அது பாராட்டு. இளைத்தால்தான் விசாரணை. பஞ்சம் பார்த்த தலைமுறையின் கவலை அது என்பதால் அதை நான் குறைவாகப் பேச மாட்டேன். இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது, "ஏஞ்சாமி இப்படி எளைச்சுட்டே, கடையில ஏதாச்சும் பிரச்சனையா?" என்று அம்மா கண் கலங்கிவிட்டார். பக்கத்தில் உட்கார வைத்து 5.9-ஐ விளக்கினேன். சர்க்கரை மாத்திரையை ஒவ்வொரு நாளும் விழுங்குகிறவர், உடனே புரிந்துகொண்டார்.

மறுபரிசோதனை பத்து நிமிடத்தில் முடிந்தது. அதே கூடம், ஆனால் காகித நாடாவைக் கிழித்துவிட்டு, உயரம் அளக்கும் உலோகத் தண்டு வைத்திருந்தார்கள். ஒரு திரையும் போட்டிருந்தார்கள். 157 என்று மெல்லிய குரலில் சொன்னார்கள். கூடுதல் பிரீமியம் நீங்கியது, பாலிசி வந்தது.

உணவைப் பற்றி மருத்துவர் நீளமாக எதுவும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று மட்டும் கேட்டார். கடையில் ஆறு, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. இப்போது இரண்டு, சர்க்கரை இல்லாமல். இரவு பத்தரைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தோசை எட்டு மணிக்கு வந்திருக்கிறது. முக்கால் மணிக்கு ஒரு முறை மெஷினை விட்டு எழுந்துவிடுகிறேன், காலையில் வ.உ.சி. பூங்காவில் நாற்பது நிமிடம் நடக்கிறேன். ஏழு விழுக்காடு குறைத்தால் போதும், அதற்கு மேல் பிறகு பார்க்கலாம் என்பது மருத்துவர் வைத்த இலக்கு. எனக்கு அது ஐந்து கிலோ. நேற்று எடை 67.8, பி.எம்.ஐ. 27.5, இடுப்பு முப்பத்தைந்தங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இன்னும் 1.2 கிலோ இருக்கிறது. தீபாவளித் துணிகள் வந்து குவியத் தொடங்கிவிட்டன, அடுத்த ஒரு மாதம் பன்னிரண்டு மணி நேரம் மெஷினில்தான். அதனால் நடையை ஐந்து மணிக்கு மாற்றியிருக்கிறேன். ரத்தப் பரிசோதனை தீபாவளி முடிந்த மறுவாரம்.