வேலிப் பொட்டு

விலங்கியல் மாஸ்ரர் போய்விட்டார் என்ற செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது சிங்கப்பூர் பயோபொலிஸ் ஆய்வுகூடத்தில் நின்றேன். கையுறையைக் கழற்றாமலே வாசித்தேன். 91 வயது. சங்கத்தின் இந்த மலருக்குப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியைப் பற்றி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். இனி அது முடியாது.

1984. ஏ.எல். முதலாம் வருடம், இடைவேளைக்கு அடுத்த பாடம். கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியை மஞ்சள் சோக்கால் கீறிக்கொண்டிருந்தார்.

"சேர், ஒரு கலத்துக்குள்ள வைரசு பூந்திட்டுதெண்டால் பக்கத்துக் கலத்துக்குத் தெரியாதோ?"

"ஏன், வேலிக்கு மேலால கதைக்குங்களோ? ஏறு வாங்கில."

வகுப்பு சிரித்தது. மணி அடிக்கும்வரை நின்றேன். அவருடைய உச்சந்தலையில் சோக்குத்தூள் படிந்திருந்ததை அங்கிருந்துதான் பார்த்தேன். இன்றும் அவரை நினைத்தால் முதலில் வருவது அந்தத் தலைதான்.

அடுத்த திங்கள், பிரார்த்தனைக்கு முன்னம், சைக்கிள் கொட்டிலுக்குள் கூப்பிட்டார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒற்றை ஒன்றை எடுத்தார். தன் கையால் எழுதியது: 1957, இலண்டன், ஐசக்ஸ், லிண்டன்மன், இன்டர்பெரோன். வைரசு பூந்த கலம் பக்கத்துக் கலங்களுக்கு விடும் எச்சரிக்கைப் புரதம் அது, கண்டுபிடித்தவர்கள் அந்த இருவர். யாழ்ப்பாண நூலகம் எரிந்து மூன்று வருடம், எங்கெங்கே தேடினாரோ.

"நீ கேட்டது சரி தம்பி. கதைக்குங்கள். பொட்டுக்குள்ளால." வேலியில் ஆள் நுழையும் இடைவெளியைத்தான் எங்கள் ஊரில் பொட்டு என்போம்.

அதை வகுப்புக்கு முன்னால் சொல்லவில்லை என்று எனக்கு வெகுகாலம் மனத்தாங்கல். சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் நான் இந்தத் துறைக்கு வந்தது அந்த ஒற்றையால்.

1990இல் சிங்கப்பூருக்கு வந்தேன். 1996 தொடக்கத்தில் ஒரு நீல ஏரோகிராம். சாவகச்சேரியில் இடம்பெயர்ந்து இருந்தார். தன் கஷ்டம் ஒரு வரி, மிச்சமெல்லாம் கேள்வி. "அந்தச் செய்தி பக்கத்துக் கலத்துக்குள்ள எப்பிடிப் போகுதெண்டு கண்டுபிடிச்சிட்டினமோ? ஆறுதலா எழுது." அப்போதே விடை தெரியும். பரீட்சை முடியட்டும் என்றிருந்தேன். பிறகு கலியாணம், பிறகு பிள்ளைகள்.

சேர், எழுதியிருக்க வேண்டியது இதுதான். இன்டர்பெரோன் பக்கத்துக் கலத்தின் மேற்பரப்பில் செய்தியை வாங்கும் புரதமான வாங்கியில் வந்து ஒட்டும். உள்ளே ஜாக் என்ற நொதியங்கள் விழிக்கும். அவை ஸ்டாட்1, ஸ்டாட்2 என்ற இரண்டு புரதங்களைச் சோடி சேர்த்துக் கலத்தின் கருவுக்குள் அனுப்பும். நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகள் வேலை தொடங்கும். வைரசு வரமுன்னமே வீடு பூட்டியாகிவிடும். இங்கே மழை விட்டால் நாங்கள் பயப்படும் டெங்கி, அந்த ஸ்டாட்2ஐத்தான் அழிக்கிறது. செய்தி படலையில் வந்து நிற்கும், உள்ளே கொண்டுபோக ஆளிராது. 2020இல் கொவிட் முற்றி உயிருக்குப் போராடியவர்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினரிடம் இன்டர்பெரோனையே வழிமறிக்கும், அவர்களின் உடலே உண்டாக்கிய பிறபொருளெதிரிகள் (அன்ரிபொடி) இருந்தன. புறப்பட்ட செய்தி போய்ச் சேரவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. முதற் கலத்துக்கு எப்படித் தெரியும்? பெருகும் வைரசின் மரபுச் செய்தி இழையான ஆர்.என்.ஏ. நுனியில் மூன்று பொசுபேற்று மொட்டையாக நிற்கும். எங்கள் செய்திகாவும் ஆர்.என்.ஏ.க்குத் தொப்பி உண்டு. ரிக்-ஐ என்ற புரதம் அந்த மொட்டையைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை அது யாரிடம் சொல்கிறது என்பது 2005இல்தான் தெரிந்தது. மாவ்ஸ் என்ற இன்னொரு புரதம். அதிலிருந்துதான் கட்டளை கருவுக்குப் போய் இன்டர்பெரோன் பிறக்கிறது. அந்த மாவ்ஸ் இருப்பது, மஞ்சள் சோக்கால் நீங்கள் கீறிய இழைமணியின் வெளிமென்சவ்வில், சேர்.